விளக்கு வந்த வழி – 18: எழுதி முடிப்பதற்குள் போன மின்சாரம்

பேராக் ஆற்று நீர்மின் கம்பெனியின் கதையைச் சென்ற இதழோடு முடித்தோம். 1926இல் தொடங்கி, 1930 முதல் செண்டெரோ அணையிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஈப்போ நகருக்கும் மின்சாரம் தந்த கம்பெனி அது. 1982இல் அதையும் கிந்தா மின்விநியோகக் கம்பெனியையும் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டது. அன்று முதல் பேராக்கின் விளக்குகளுக்குப் பொறுப்பு தீபகற்பம் முழுமைக்குமான ஒரே வாரியத்திடம் போனது.

அதே ஆண்டுகளில்தான் ஈப்போவின் அலுவலக மேசைகளுக்குத் தனிநபர் கணினிகள் வரத் தொடங்கின. பெரிய மின்வலையும் சிறிய கணினியும் சந்தித்த இடத்தில் ஒரு புதுவகை இழப்பு பிறந்தது. மின்சாரம் போனால் வேலை நிற்கும் என்பதை நம்மவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். முடித்து வைத்த வேலையும் சேர்ந்து அழியும் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். அந்த இழப்பையும், அதைத் தடுக்க மனிதர்கள் கண்ட வழிகளையும், அவை நம் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் ஏன் இன்றியமையாதவை என்பதையும் இந்த இதழில் எழுதுகிறேன்.

இரண்டு இருட்டு நாட்கள்

1992 செப்டம்பர் 29, செவ்வாய்க்கிழமை. தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் என்று பெயர் மாறி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மின்கடத்தல் அமைப்பில் விழுந்த இடி தொடர் பழுதாக வளர்ந்து தீபகற்பத்தை இருட்டில் தள்ளியது. சில இடங்களுக்கு மின்சாரம் திரும்ப 48 மணி நேரம் வரை ஆயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு நாள். 1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை, மாலை 5.17. திரெங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையத்துக்கு அருகில் ஒரு கடத்தல் பாதை துண்டித்துக்கொண்டது. அடுத்தடுத்து மற்ற மின்நிலையங்களும் விலகிக்கொள்ள, தீபகற்பம் முழுவதும் இருண்டது. இரவு 11 மணியளவில்தான் நிலைமை சீரானது.

கிழக்குக் கரையில் ஏற்பட்ட பழுது எதற்காக மேற்கே ஈப்போவின் விளக்கை அணைக்க வேண்டும்? மின்வலையில் இணைந்த எல்லா மின்னாக்கிகளும் நொடிக்கு 50 அலை என்ற ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஒரு பெரிய நிலையம் திடீரென்று விலகினால், அது சுமந்த பளு மற்ற நிலையங்களின் மேல் இறங்கும். தாளம் 50லிருந்து குறையத் தொடங்கும். குறைந்த தாளத்தில் ஓடினால் சுழலி பழுதாகும் என்பதால், ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள காவல் கருவி தன் இயந்திரத்தைக் காப்பாற்ற அதை வலையிலிருந்து பிரித்துவிடும். பிரிந்தவற்றின் பளு மிச்சமிருப்பவற்றின் தலையில் விழும். ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காத்துக்கொள்ளப் போய் மொத்த வலையும் விழுந்துவிடும்.

ஈப்போவின் பயனாளருக்கு இதில் எந்த முன்னறிவிப்பும் கிடையாது. விரல் விசைப்பலகையில் இருக்கும்போதே திரை கறுத்துவிடும்.

தோட்டத்து வெளிச்சத்துக்கு ஒரு நேரம் இருந்தது

இந்த அறிவிப்பில்லாத் தன்மைதான் புதியது. இருட்டு நம் தோட்டங்களுக்குப் புதியதல்ல. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் தனியார் நிலம். அரசாங்கத்தின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் கம்போங்குகளுக்குப் போன வேகத்தில் தோட்டத்து லயங்களுக்கு வரவில்லை. தோட்ட நிர்வாகம் டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் பொழுது சாய்ந்ததும் சில மணி நேரம் விளக்கு எரியும், பிறகு நிறுத்திவிடுவார்கள். அதன் பின் மண்ணெண்ணெய் விளக்குதான். பிள்ளைகள் அதற்குள் பாடத்தை முடிப்பார்கள், பெண்கள் அதற்குள் சமையலை முடிப்பார்கள். வெளிச்சம் எப்போது போகும் என்று தெரிந்திருந்ததால் வாழ்க்கையை அதற்கேற்ப அடுக்கிக்கொண்டார்கள்.

தோட்டத்து அலுவலகக் கணக்கு இந்த மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் வராதவர் பெயர்கள் அங்கேயே கைப்புத்தகத்தில் ஏறும். பால் நிறுக்கும் இடத்தில் ஒவ்வொருவர் கொண்டுவந்த பாலின் எடையும் அவரவர் பெயருக்கு நேரே ஏறும். பிறகுதான் தோட்டத்து எழுத்தரான கிராணி அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றைச் செக்ரோல் என்னும் சம்பளப் பேரேட்டில் சேர்ப்பார். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு இடத்தில் எழுத்துச் சான்று இருந்தது. இந்த முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்கு வேலை இருக்கிறது.

மறக்காத நினைவகமும் மறக்கும் நினைவகமும்

மலேசியாவுக்கு முதல் கணினி வந்த ஆண்டு 1966. அதை நிறுவியது தேசிய மின்சார வாரியம். மின்சாரம் வழங்கும் நிறுவனமே நாட்டின் முதல் கணினியையும் இயக்கியது என்பது இந்தத் தொடரில் பதிவாக வேண்டிய செய்தி.

அது ஐபிஎம் 1401. 1959இல் அறிவிக்கப்பட்ட அந்த வகையின் நினைவகம் அதிகபட்சமாக 16,000 எழுத்துகளைத்தான் தாங்கும். ஆனால் இன்றைய கணினிகளுக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு இருந்தது. அதன் நினைவகம் மெல்லிய கம்பிகளில் கோத்த சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையமும் எந்தத் திசையில் காந்தமேறியிருக்கிறதோ அதுதான் சேமித்த செய்தி. மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. தரவு உள்ளே வந்ததும் துளையிட்ட அட்டைகளில்தான். வேலை பாதியில் நின்றாலும் அட்டைக் கட்டு மேசை மேல் அப்படியே இருக்கும். மின்சாரம் வந்ததும் மறுபடி ஊட்டலாம்.

1970இல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவானது, சிறியது. சில ஆண்டுகளில் காந்த வளையங்களை இவ்வகைச் சில்லுகள் விரட்டிவிட்டன. இதில் செய்தி ஒவ்வொன்றும் மிக நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். நொடிக்குப் பல முறை புதுப்பித்தால்தான் நிலைக்கும். மின்சாரம் நின்றால் புதுப்பிப்பு நிற்கும், நினைவும் போய்விடும். கணினி விலை குறைந்து நம் கைக்கு எட்டியதற்கும், மின்தடையில் அது எல்லாவற்றையும் மறப்பதற்கும் காரணம் ஒன்றே.

சில்லுத் தொழில் ஈப்போவுக்கு வந்ததும் அதே காலம். 1972இல் இங்கே தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் கார்செம் என்று பெயர் பெற்றது. பிறகு சிம்பாங் பூலாயில் யூனிசெம் வந்தது. ஈயம் மங்கிய நகரத்தில், ரப்பர் குறைந்த தோட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். தாய் மங்கிய வெளிச்சத்தில் பால் வெட்டினார். மகள் உருப்பெருக்கியின் கீழே முடியினும் மெல்லிய கம்பிகளைச் சரிபார்த்தார்.

மூன்று இடத்தில் எழுதும் ஒரு கோப்பு

1992இன் இருட்டு நாளில் சிறு அலுவலகம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த கணினி பெரும்பாலும் எம்எஸ்-டாஸ் கணினியாகத்தான் இருந்திருக்கும். அதில் ஒரு கடிதத்தைச் சேமிக்கும்போது நடந்ததைப் பார்ப்போம். பயனாளருக்கு அது ஒரே செயல். கணினிக்கு அது குறைந்தது மூன்று செயல். கடிதத்தின் எழுத்துகள் வட்டில் ஓரிடத்தில் பதிய வேண்டும். எந்தக் கோப்பு வட்டின் எந்தெந்தத் துண்டில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மாற வேண்டும். கோப்பின் பெயரும் அளவும் உள்ள பட்டியல் மாற வேண்டும்.

மூன்றும் முடியுமுன் மின்சாரம் போனால் என்ன ஆகும்? எழுத்துகள் பதிந்திருக்கும், அவை யாருடையவை என்று அட்டவணைக்குத் தெரியாது. அல்லது ஒரே துண்டை இரண்டு கோப்புகள் தம்முடையது என்று சொல்லும். மறுநாள் சோதனை நிரலை ஓட்டினால், பெயரிழந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து எண்ணிட்ட கோப்புகளாகக் குவித்துத் தரும். அவற்றில் எது யாருடைய கணக்கு என்று பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

கணக்குக்குப் பலர் நம்பியிருந்த டிபேஸ் மென்பொருளில் இன்னொரு சிக்கல். கோப்பில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண்ணைக் கோப்பின் தலைப்பகுதியில் வைத்திருக்கும். கோப்பை முறையாக மூடும்போதுதான் அந்த எண் சரியாக எழுதப்படும். நாள் முழுவதும் விவரங்களைச் சேர்த்துவிட்டு, மூடுமுன் மின்சாரம் போனால், புதிய பதிவுகள் வட்டில் கிடந்தாலும் மென்பொருள் பழைய எண்ணோடு நின்றுவிடும். உழைப்பு அங்கேயே இருக்கும். கணக்கில் மட்டும் வராது.

1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 வேகத்துக்காக ஓர் ஏற்பாடு செய்தது. வட்டில் எழுத வேண்டியதை உடனே எழுதாமல் நினைவகத்தில் சேர்த்துவைத்து, ஓய்வு கிடைத்தபோது எழுதியது. பயனாளர் எழுதியாயிற்று என்று நம்பி கணினியை அணைத்தார். எழுத வேண்டியதோ இன்னும் நினைவகத்தில் இருந்தது. இழப்புகள் நேர்ந்த பிறகு, அதே ஆண்டு வந்த 6.2 பதிப்பில் அந்த நடைமுறையைத் திருத்தினார்கள். வட்டைச் சரிபார்க்கும் ஸ்கேன்டிஸ்க் நிரலும் அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது.

நாம் சேமித்தோம் என்று நினைப்பதற்கும் அது உண்மையில் பதிவதற்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது. மின்தடை அழிப்பது அந்தக் கணத்தில் இருப்பதைத்தான்.

மோகனின் வழி

அந்தக் கணத்தைக் கடக்கும் வழி தீபகற்பம் இருண்ட அதே 1992இல், ஆறு மாதங்களுக்கு முன்பே, முழு வடிவில் அச்சாகியிருந்தது. அதன் முதல் ஆசிரியர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த சந்திரசேகரன் மோகன். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தவர். உடன் பணியாற்றிய நால்வரோடு அவர் எழுதிய ஏரீஸ் என்ற மீட்பு முறை 1992 மார்ச்சில் ஏறக்குறைய 70 பக்கக் கட்டுரையாக வெளிவந்தது.

இதற்கு அடித்தளம் இட்டவர்கள் முன்பே இருந்தார்கள். 1970களில் ஐபிஎம்மில் ஜிம் கிரே முதலியோர் பரிவர்த்தனை என்ற கருத்தை உருவாக்கினார்கள். ஒரு கணக்கிலிருந்து எடுத்து மற்றொரு கணக்கில் போடுவது என்றால் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக்கூடாது. பாதி நடந்தது என்ற நிலை இருக்கவே கூடாது. கிரேவுக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது. அந்தக் கருத்தைப் பெரிய தரவுத்தளங்களில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கணக்கைத் தொடும்போதும், எப்படிக் காப்பது என்று வழிவகுத்துக் காட்டியது ஏரீஸ்.

அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக் கிராணியிடம் திரும்பிப் போகலாம். பேரேட்டைத் தொடுமுன் கைப்புத்தகத்தில் எழுது. அவ்வளவுதான். தரவுத்தளமும் கணக்குப் பக்கத்தில் எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும், செய்யப்போகும் மாற்றத்தைத் தனியான குறிப்பேட்டில் வரிசை எண் போட்டு எழுதிவிடுகிறது. குறிப்பேட்டின் வரி வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் வேலை முடிந்தது என்று சொல்கிறது. பேரேட்டின் பக்கம் கறைபட்டாலும் கைப்புத்தகத்தைக் கொண்டு கிராணி மறுபடி எழுதிவிடுவார்.

மின்சாரம் திரும்பியதும் ஏரீஸ் மூன்று வேலை செய்யும். முதலில் குறிப்பேட்டைப் படித்து, விழுந்த நேரத்தில் எந்தெந்தப் பரிவர்த்தனைகள் நடந்துகொண்டிருந்தன என்று கண்டறியும். அடுத்து, குறிப்பேட்டில் இருப்பதையெல்லாம் அதே வரிசையில் மறுபடி செய்து, விழுவதற்கு முந்திய கணத்தில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவரும். கடைசியாக, முடிவுபெறாமல் பாதியில் நின்றவற்றை மட்டும் தேடித் தேடித் திருப்பும். திருப்பும் வேலைக்கும் குறிப்பு எழுதும். மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் ஒரு முறைதான் போகும் என்று அந்த முறை நம்பவில்லை. அதனால்தான் அது நிலைத்தது.

ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றில் இம்முறை குடியேறியது. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த கோப்பு முறையும் குறிப்பேட்டு முறையைக் கைக்கொண்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக அது வீட்டுக் கணினிக்கு வந்தது. அதே ஆண்டு லினக்ஸில் எக்ஸ்ட்3 வந்தது. நம் கைப்பேசியில் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் வைத்திருக்கும் சிறு தரவுத்தளமும் ஒருவகைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் பணம் மின்தடையில் பாதியாகாமல் நிற்பது இத்தகைய விதிகளால்.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கணினியின் கோப்பு முறை தன் குறிப்பேட்டால் காப்பது பெரும்பாலும் அட்டவணையையும் பட்டியலையும்தான். கோப்பின் உள்ளே நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் பத்திக்கு அது உத்தரவாதம் தராது. வட்டின் எலும்புக்கூடு நிற்கும். உள்ளடக்கம் நம் பொறுப்பு.

கிந்தாவின் இடி

மென்பொருளுக்கு வழி கிடைத்தது. வன்பொருளை இடி விடவில்லை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர், நடுவே கிந்தா. பருவக்காற்று மாறும் ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் வெயில் உறைத்தால் மாலையில் இடி வரும் என்று ஈப்போவாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இடியோசை கேட்கும் நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 200 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். உலகில் இடி மிகுந்த பகுதிகளில் இது ஒன்று.

இடி நம் வீட்டின் மேல்தான் விழ வேண்டும் என்பதில்லை. தூரத்தில் விழுந்தாலும் மின்கம்பியில் ஒரு மின்னெழுச்சி ஓடிவரும். சுவரில் இருக்கும் இஎல்சிபி என்னும் காப்பு விசை விழுந்து வீடு இருட்டாகும், தெருவிளக்கோ எரிந்துகொண்டிருக்கும். மின்கம்பி ஒரு வழி என்றால் தொலைபேசிக் கம்பி மற்றொரு வழி. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை இணையம் வந்த பிறகு, செம்புக் கம்பி வழியே புகுந்த எழுச்சியால் மோடம் கருகுவது சர்வசாதாரணமானது. கணினியின் மின்செருகியைக் கழற்றியவர்கள் தொலைபேசிக் கம்பியைக் கழற்ற மறந்தார்கள். 2010இல் யூனிஃபை கண்ணாடி இழையோடு வந்தபோது அந்த வாசல் மூடியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

முழு மின்தடையை விடவும் தொழிற்சாலைகளை வாட்டியது மின்னழுத்தச் சரிவு. எங்கோ ஒரு பாதையில் பழுது ஏற்பட்டு, காவல் கருவி அதை விலக்கும் வரை, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அழுத்தம் பாதியாகக் குறையலாம். மின்விளக்கு ஒரு முறை சிமிட்டும். நாம் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். கணினியின் மின்வழங்கி தன்னுள் தேக்கிய ஆற்றலால் தாக்குப்பிடிப்பது ஓர் அலை நேரம், அதாவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்கு மேல் நீடித்தால் இயந்திரம் மறுதொடக்கம் ஆகிவிடும். சில்லுத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் அப்படி நின்றால் கையிலிருந்த பொருள் வீணாகும். வரிசையை மறுபடி ஒழுங்காக்க நேரம் பிடிக்கும். இதனால் சில்லுத் தொழிலின் உலக அமைப்பு 2000இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. மின்னழுத்தம் பாதியானால் 0.2 நொடியும், 70 விழுக்காடானால் அரை நொடியும், 80 விழுக்காடானால் ஒரு நொடியும் இயந்திரம் தாங்கி ஓட வேண்டும். மின்சாரம் குறையவே கூடாது என்று கேட்டால் யாராலும் தர முடியாது. குறையும்போது தாங்கு என்று இயந்திரத்தைக் கேட்டால் செய்து தர முடியும்.

பெட்டி வாங்கினால் போதாது

இந்த இடத்தில் யுபிஎஸ் பெட்டி வருகிறது. அதன் வேலை மின்தடை முடியும் வரை கணினியை ஓட்டுவது என்று பலர் எண்ணுகிறார்கள். மேசைக்குக் கீழே வைக்கும் சிறிய யுபிஎஸ் தருவது சில நிமிடங்கள். கோப்புகளைச் சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கான அவகாசம் அது. தோட்டத்தில் ஜெனரேட்டர் நிற்கும் நேரம் தெரிந்திருந்ததே, அந்த முன்னறிவிப்பைப் பேட்டரி நமக்குத் திரும்ப வாங்கித் தருகிறது.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்த அறையில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத இரவில் யார் அணைப்பது? அதற்காகத்தான் பெட்டியோடு ஒரு யுஎஸ்பி கம்பியும் மென்பொருளும் வருகின்றன. மின்சாரம் போனதைப் பெட்டி கணினிக்குச் சொல்லும். பேட்டரி தீருமுன் கணினி தானே கோப்புகளை மூடி அணைந்துகொள்ளும். அந்தக் கம்பி இணைக்கப்படாமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தால் பேட்டரி தீர்ந்த நொடியில் நடப்பது பழைய கதைதான்.

பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஈய-அமிலப் பேட்டரியை 25 பாகை வெப்பத்தில் வைத்திருந்தால்தான் சொன்ன ஆண்டுகள் உழைக்கும். ஏறக்குறைய 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். குளிர்சாதனத்தை அணைத்துப் பூட்டிய ஈப்போ அறையில், ஐந்து ஆண்டு உழைக்க வேண்டியது இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பக்கூடாது. மாதத்தில் ஒரு நாள், முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராதபோது, பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். வாங்கிய தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். மின்னெழுச்சித் தடுப்பியையும் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. நிலத்தொடர்பு சரியாக இல்லாத கட்டடத்தில் எழுச்சியை அது எங்கே கொண்டுபோய்விடும்?

இன்று தீபகற்பத்தில் ஒரு வாடிக்கையாளர் மின்சாரமின்றி இருக்கும் நேரம் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 1992ஐப் பார்த்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த நிம்மதியே நம்மை அசட்டையாக்கிவிட்டது. தடை அடிக்கடி வந்த காலத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்தவர்கள், இப்போது பொழுது முழுவதும் சேமிக்காமல் எழுதுகிறார்கள்.

யாருடைய பதிவு அழிகிறது

இதையெல்லாம் இந்தத் தொடரில் இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பதிவு இழந்த சமூகம் எதை இழக்கும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் தாமான்களுக்கும் நகர ஓரங்களுக்கும் சிதறியபோது, பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், அடையாள அட்டை பெறாதவர்கள் என்று நம்மில் பலர் வெளிப்பட்டார்கள். அவர்களைப் பதிவுசெய்ய 2011இல் அரசாங்கம் மைடஃப்தார் என்ற இயக்கத்தையே நடத்த வேண்டியிருந்தது. பிறந்தது, படித்தது, உழைத்தது எல்லாம் உண்மை. அதைச் சொல்லும் காகிதம் மட்டும் இல்லை. இரண்டாவது பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் அலைச்சல் குறைந்திருக்கும்!

இன்று அந்தப் பதிவுகள் கணினியில் இருக்கின்றன. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. தோட்டம் மறைந்த பிறகும் அதன் பெயரைத் தாங்கி நிற்பவை. மூடப்பட்ட தோட்டத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடே சில வேளை எஞ்சிய சான்று. மாரியம்மன் கோயில்களின் வரவுசெலவு, மரண உதவிச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், கூட்டுறவுச் சங்கங்களின் பங்குக் கணக்கு ஆகியவையும் இத்தகையவை. சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளியின் சிறு பங்கும் எழுத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் மக்கள் பணம் கட்டினார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே ஒவ்வொரு பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் சங்கச் செயலவையும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கட்டும். முக்கியப் பதிவுக்கு மூன்று பிரதிகள். அவை ஒரே வகைச் சாதனத்தில் இருக்கக்கூடாது. ஒன்றாவது வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். வெளிவட்டை எப்போதும் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். இடி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆண்டுக்கு ஒரு முறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணாதீர்கள். இந்தப் பொறுப்பை ஒருவர் பெயரில் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். கணினி தெரிந்த இளையவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.

இதற்கு ஆகும் செலவு திருவிழாவின் ஒரு வேளை அன்னதானத்தைவிடக் குறைவு. மின்சாரம் போகும். இடியும் விழும். வட்டும் ஒரு நாள் சாகும். நம் மக்களின் பெயர்கள் அவற்றோடு போக வேண்டியதில்லை.

அடுத்த இதழில்: மஞ்சோங் கடலோரத்தில் எழுந்த நிலக்கரி மின்நிலையம்.

(தொடரும்)